ஆடமும் சிப்பெண்டேலும் அமைத்த அறைகள்: இங்கிலாந்து மாளிகைகளின் நியோகிளாசிக்கல் மரச்சாமான்கள், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியோகிளாசிக்கல் பாணி என்று எதைச் சொல்கிறார்கள்?

பழைய கிரேக்க, ரோமானியக் கலையைத் திரும்பப் பார்த்து 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஐரோப்பா உருவாக்கிக்கொண்ட பாணி இது. 1738-இல் ஹெர்குலேனியத்திலும் 1748-இல் பொம்பேயிலும் அகழாய்வு தொடங்கியது. வெசுவியஸ் எரிமலை மூடிவைத்திருந்த ரோமானிய வீடுகள், அவற்றின் சுவர் ஓவியங்கள், விளக்குகள், முக்காலிகள் எல்லாம் வெளியே வந்தன. அதுவரை பழைய ரோம் என்றால் கோயில்களும் வெற்றி வளைவுகளும்தான். ஒரு ரோமானியக் குடும்பம் எதில் உட்கார்ந்தது, எதில் விளக்கேற்றியது என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது.

இங்கிலாந்தில் இந்தப் பாணி 1760-களில் வேர்விட்டு 1790-கள் வரை செழித்தது. இந்தப் பக்கத்தில் பேசப்போவது அந்த முப்பது, நாற்பது ஆண்டுகளைப் பற்றியும், கிராமப்புறத்தில் பெரும் நிலக்கிழார்கள் கட்டிக்கொண்ட மாளிகைகளைப் பற்றியும்தான். லண்டன் வீடுகள் இடையிடையே வரும்.

ஒரு நாற்காலியைப் பார்த்தவுடன் இந்தப் பாணி என்று கண்டுபிடிக்க முடியுமா?

முதலில் காலைப் பாருங்கள். அதற்கு முந்தைய ரொகோகோ பாணியில் கால்கள் வளைந்து நெளிந்து, பாதத்தில் சுருண்டு முடியும். சிப்பி, பாறை, இலைச்சுருள் என்று அலங்காரமும் இடம் வலம் ஒத்துப்போகாமல் ஓடும். நியோகிளாசிக்கலில் கால் நேராக இறங்கும், கீழே போகப்போகச் சிறுக்கும். தூணில் இருப்பது போன்ற செங்குத்துப் பள்ளக்கோடுகள் அதில் இருக்கும். இடது பக்கம் இருப்பது வலது பக்கமும் இருக்கும்.

அப்புறம் அலங்காரங்கள். பூச்சாடி, கடா ஆட்டின் தலை, சிறகுள்ள கற்பனை விலங்கான கிரிஃபின், மனிதத் தலையும் சிங்க உடலும் கொண்ட ஸ்ஃபிங்ஸ், யாழ் போன்ற லைர் வாத்தியம், தோரணமாகத் தொங்கும் இலைச்சரம், வட்டப் பதக்கம், விசிறியாக விரியும் இதழ்க்கொத்து. இவற்றில் நாலைந்து சேர்ந்து வந்தால் பெரும்பாலும் உங்கள் ஊகம் சரிதான். ஆனால் ஒன்று: 1870-க்குப் பிறகு இதே பாணியை அப்படியே திரும்பச் செய்து குவித்தார்கள். பாணியை வைத்து வயதைச் சொல்லிவிட முடியாது.

ராபர்ட் ஆடம் தச்சரா?

இல்லை, கட்டடக் கலைஞர். 1728-இல் ஸ்காட்லாந்தின் கிர்கால்டியில் பிறந்தார். 1754-இல் கிளம்பி இத்தாலியில் சில ஆண்டுகள் சுற்றினார். இன்றைய குரோஷியாவில் ஸ்பிளிட் நகரில் இருக்கும் டயோக்ளீஷியன் அரண்மனை இடிபாடுகளை அளந்து வரைந்து, 1764-இல் பெரிய புத்தகமாக வெளியிட்டார். லண்டன் திரும்பிய சில ஆண்டுகளில் பிரபுக்கள் அவர் வாசலில் வரிசையில் நின்றார்கள்.

அவர் செய்த புதுமை இதுதான்: ஓர் அறைக்குள் வரும் எல்லாவற்றையும் தன் பேனாவின் கீழ் கொண்டுவந்தார். கூரையின் சுதை வேலை, அதற்குக் கீழே விரிக்கும் கம்பளம், கணப்படுப்பின் முகப்பு, இரண்டு ஜன்னல்களுக்கு நடுவே நிற்கும் ஆளுயரக் கண்ணாடி, அதன் அடியில் சுவரோடு ஒட்டிய மேசை, கதவின் கைப்பிடி வரை. கூரையில் ஒரு வட்டம் இருந்தால் கம்பளத்தில் அதற்கு ஒரு பதில் இருக்கும். சுவரில் ஓடும் இலைச்சரம் மேசையின் விளிம்பிலும் ஓடும். அவர் அலுவலகத்தின் ஆயிரக்கணக்கான வரைபடங்களைக் கட்டடக் கலைஞர் ஜான் சோன் 1833-இல் வாங்கினார். லண்டனில் உள்ள சோன் அருங்காட்சியகத்தில் அவை இன்றும் இருக்கின்றன.

ஆடம் தன் கையால் ஒரு நாற்காலியும் செய்ததில்லை. ஆடம் பாணி என்ற பெயருக்குப் பின்னால் லின்னெல், சிப்பெண்டேல் போன்ற பட்டறைக்காரர்களும், அவர்களிடம் வேலைசெய்த பெயர் தெரியாத செதுக்குநர்களும், தங்க ரேக்கு ஒட்டியவர்களும், மெத்தை தைத்தவர்களும் இருக்கிறார்கள்.

சிப்பெண்டேல் என்றால் வளைந்த கால், கொடிப் பின்னல் முதுகு அல்லவா? அவர் எப்படி இதற்குள் வந்தார்?

அந்தப் பிம்பத்துக்குக் காரணம் அவர் 1754-இல் வெளியிட்ட வடிவமைப்புப் புத்தகம். ரொகோகோ, கோதிக், சீனப் பாணிகளில் 160 தகட்டுப் படங்கள் கொண்டது. ஒரு மரச்சாமான் பட்டறைக்காரர் இந்த அளவில் புத்தகம் போட்டது அதுவரை நடக்காதது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தச்சர்கள் அதைப் பார்த்துச் செய்தார்கள். அதனால் அந்தப் படங்களே சிப்பெண்டேல் என்று உலகம் முடிவு செய்துவிட்டது.

என் கணிப்பில் அவருடைய உச்சம் அந்தப் புத்தகத்தில் இல்லவே இல்லை. புத்தகத்தின் மூன்றாம் பதிப்பு 1762-இல் வந்தது. அவர் நியோகிளாசிக்கலுக்குத் திரும்பி மிகச் சிறந்த வேலைகளைச் செய்தது அதற்குப் பிறகுதான், 1765 முதல் 1775 வரை. இவற்றுக்கு அச்சில் படம் இல்லை. மாளிகைகளில் சாமான்களாகவும் ரசீதுகளாகவும்தான் இருக்கின்றன.

ஆடமும் சிப்பெண்டேலும் கூட்டாளிகள் என்றும் பலர் நினைக்கிறார்கள். ஒரே வீட்டில் இருவரும் வேலைசெய்தது பலமுறை நடந்திருக்கிறது. ஆனால் ஆடம் வரைந்து சிப்பெண்டேல் செய்தது என்று ஆவணத்தோடு தெரிந்தது ஒரே தொகுதிதான். லண்டன் ஆர்லிங்டன் தெருவில் சர் லாரன்ஸ் டண்டாஸின் வீட்டுக்காக 1765-இல் செய்த நான்கு சோபாக்களும் எட்டு நாற்காலிகளும் அவை. மற்ற இடங்களில் ஆடம் சுவரையும் கூரையையும் முடித்துவிட்டுப் போனபின், அந்த அறைக்கு என்ன பொருந்தும் என்று சிப்பெண்டேல் தானே யோசித்தார். வாடிக்கையாளர்களும் அவரை நம்பி விட்டார்கள்.

அவருடைய சிறந்த வேலையைப் பார்க்க எங்கே போக வேண்டும்?

யார்க்‌ஷயரில் லீட்ஸ் நகருக்கு அருகில் உள்ள ஹேர்வுட் மாளிகைக்கு. எட்வின் லாசெல்ஸ் என்பவர் 1759-இல் கட்டத் தொடங்கி 1771-இல் குடிபுகுந்தார். கட்டடம் யார்க் நகரத்து ஜான் காரின் வேலை, உள் அலங்காரம் ஆடம். மரச்சாமான்களுக்காக 1767-இல் சிப்பெண்டேல் உள்ளே வந்தார். அவர் பக்கத்து ஊர்க்காரர்தான், 1718-இல் ஓட்லியில் பிறந்தவர். அவர் வாழ்க்கையிலேயே பெரிய வேலை இது. மொத்தத்தொகை 10,000 பவுண்டைத் தாண்டியது.

நீண்ட கேலரி அறையில் ஜன்னல்களுக்கு மேலே கனமான நீலத்துணி மடிப்பு மடிப்பாகத் தொங்குகிறது. குஞ்சலமும் உண்டு. கிட்டப் போய்ப் பார்த்தால் அது துணி இல்லை, மரம்! செதுக்கி வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். 250 வருடங்களாகப் பூச்சி அரிக்காத, வெளுக்காத திரைச்சீலை.

ஆனால் அங்கே என்னை அதிகம் கட்டிப்போடுவது 1773-இல் செய்த இழுப்பறை மேசை. டயானா, மினர்வா என்ற இரண்டு ரோமானியத் தேவதைகள் கதவுகளின் வட்டங்களில் இருப்பதால் அந்தப் பெயரிலேயே அழைக்கிறார்கள். நடுவில் உட்குழிந்து வளையும் கதவு. ஒப்பனை அறைக்கான சாமான் அது. விலை 86 பவுண்டு. வீட்டு வேலைக்காரப் பெண்களின் வருடச் சம்பளம் பெரும்பாலும் 10 பவுண்டைத் தொடாத காலம் என்பதை இதோடு சேர்த்துப் படியுங்கள்.

அதில் இருக்கும் படங்கள் வரைந்தவையா, செதுக்கியவையா?

இரண்டும் இல்லை. பதித்தவை. மார்க்கெட்ரி என்று சொல்வார்கள்.

உள்கூடு ஓக் அல்லது பைன் போன்ற விலை குறைந்த மரத்தில் செய்யப்படும். அதன் மேல் ரம்பத்தால் மெல்லியதாக அறுத்த உயர்ந்த மரத்தகடுகளை விலங்குத்தோல் பசையால் ஒட்டுவார்கள். படம் வேண்டிய இடத்தில் வெவ்வேறு நிற மரத்தகடுகளை நுண்ணிய ரம்பத்தால் வெட்டி, இலை இலையாக, இதழ் இதழாகப் பொருத்துவார்கள். ஓர் இலைக்கு நிழல் தெரிய வேண்டுமா? அந்தத் துண்டின் ஓரத்தைச் சூடான மணலில் செருகி எடுப்பார்கள். செருகிய பக்கம் கருகிப் பழுப்பாகி, மேலே போகப்போக வெளிறும். எத்தனை நொடி வைப்பது என்பதெல்லாம் கைப்பழக்கம். முகம், மூக்கு, மடிப்புகளுக்கு உளியால் மெல்லிய கோடு கீறி அதில் கருப்பைத் தேய்த்து நிரப்புவார்கள். டயானாவுக்கும் மினர்வாவுக்கும் உடலின் சில பாகங்கள் தந்தம்.

இன்று இந்த மேசைகளைப் பார்ப்பவர்கள் தேன் நிறத்தை ரசிக்கிறார்கள். செய்தவர்கள் ரசித்தது அந்த நிறத்தை இல்லை. பச்சை, நீலம், சிவப்பு என்று மரத்தகடுகளுக்குச் சாயம் ஏற்றியிருந்தார்கள், மஞ்சள் சாட்டின்வுட் மரம் பளபளத்தது. வெயில் பட்டுப்பட்டுச் சாயம் போய்விட்டது. கதவின் உட்புறம், இழுப்பறையின் மறைவான ஓரம் போன்ற வெளிச்சம் படாத இடங்களில் பழைய நிறம் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். அந்தக் காலத்துப் பணக்கார ரசனை நாம் நினைப்பதைவிட நிறையவே பகட்டானது. அடக்கமான நேர்த்தி என்று இந்தப் பாணியைப் புகழும்போது காலம் வெளுத்ததையும் சேர்த்தே புகழ்கிறோம்.

நாற்காலிகளை ஏன் எப்போதும் சுவரோரம் வைத்திருக்கிறார்கள்? அருங்காட்சியகத்துக்காகவா?

இல்லை, அன்றும் அப்படித்தான் வைத்தார்கள். விருந்தினர் வரும் பெரிய அறைகளில் நாற்காலிகள் சுவரை ஒட்டி வரிசையாக நிற்கும். யாராவது உட்கார வேண்டும் என்றால் வேலையாள் எடுத்துப் போடுவார், போனதும் திரும்பச் சுவரோரம் வைப்பார். நாற்காலி முதுகின் வளைவும் சுவரின் கட்டங்களும் ஒன்றோடொன்று பொருந்தும்படி வரைந்திருப்பார்கள். பின்பக்கம் யார் கண்ணிலும் படாது என்பதால் பல நாற்காலிகளில் அங்கே அலங்காரம் கிடையாது. அறை நடுவே சோபாக்களைக் கூட்டமாகப் போட்டுக்கொண்டு பேசும் பழக்கம் 19-ஆம் நூற்றாண்டில்தான் பரவியது.

விருந்து இல்லாத நாட்களில் எல்லாவற்றுக்கும் உறை. நாற்காலிக்குக் கட்டம்போட்ட துணி, மேசைக்குத் தோல், கட்டிலைச் சுற்றி இன்னொரு திரை. குடும்பம் வருடத்தில் பல மாதம் லண்டனில் இருக்கும்.

சாப்பாட்டு அறையில் பெரிய மேசையைக் காணோமே?

வேளை வந்தால் கொண்டுவந்து பூட்டுவார்கள், முடிந்ததும் கழற்றி வெளியே எடுத்துப்போவார்கள். நிரந்தரமாக அங்கே இருந்தது சுவரோரப் பரிமாறும் மேசை. அதன் இரண்டு பக்கமும் பீடம், பீடத்தின் மேல் பூச்சாடி வடிவம். ரோமானியப் பலிபீடம் மாதிரி தெரியும் அந்த அமைப்புக்குள் எல்லாம் வேலைக்கான இடம். ஒரு பீடத்தின் உள்ளே தகரம் அடித்துத் தட்டுகளைச் சூடாக வைத்திருப்பார்கள். சாடியில் தண்ணீர். மேசைக்குக் கீழே மதுப்புட்டிகளைப் பனிக்கட்டியில் வைக்கும் தொட்டி. ஒரு பீடத்தில் சிறுநீர்ச் சட்டி வைப்பதும் வழக்கம்தான். பெண்கள் எழுந்துபோன பிறகு ஆண்கள் குடித்துக்கொண்டே மணிக்கணக்கில் அரசியல் பேசுவார்கள், எழுந்து வெளியே போக யாருக்கும் மனம் வராது.

இதை ஆடமே எழுதியிருக்கிறார், சட்டியைப் பற்றி அல்ல. பிரெஞ்சுக்காரர்கள் சாப்பிட்டவுடன் வேறு அறைக்குப் போய்விடுவார்கள், நம்மவர்கள் அங்கேயே தங்குவார்கள், ஆகவே சாப்பாட்டு அறைச் சுவரில் பட்டுத்துணியோ சித்திரத்துணியோ வேண்டாம், உணவு வாடை அதில் தங்கிவிடும், சுதை வேலை போதும் என்பது 1773-இல் வெளிவரத் தொடங்கிய அவருடைய நூலில் உள்ள கருத்து. லண்டனை ஒட்டிய ஆஸ்டர்லி பார்க் மாளிகையில் அப்படிப்பட்ட அறை ஒன்று இருக்கிறது. ஜான் லின்னெல் செய்த, முதுகில் லைர் வாத்தியம் செதுக்கிய நாற்காலிகளும் அதில் உண்டு. அமைப்பு முழுமையாகப் புரிய டெர்பிஷயரின் கெடில்ஸ்டன் மாளிகையில் சாப்பாட்டு அறை மாடத்தைப் பாருங்கள். சுவரின் வளைவுக்கேற்ப வளைந்த மேசைகள் அங்கே நிற்கின்றன.

அந்தப் பெரிய கட்டில்களில் யாராவது தூங்கினார்களா?

அபூர்வமாக. அரசரோ அரச குடும்பத்தினரோ வந்தால் தங்குவதற்கு என்று பெயர். பெரும்பாலும் பார்ப்பதற்குத்தான். ஆஸ்டர்லியில் ஆடம் 1776-இல் வரைந்த கட்டிலுக்கு எட்டுத் தூண், மேலே குவிமாடம், அதைச் சுற்றித் துணிப்பூக்கள். அந்தக் காலத்து எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் அதைப் பார்த்துவிட்டு, தொப்பி தைப்பவள் அலங்கரித்த குவிமாடத்தைப் பார்த்தால் விட்ரூவியஸ் என்ன நினைப்பார் என்று கிண்டலடித்தார். விட்ரூவியஸ் ரோமானியக் கட்டடக்கலை ஆசான். எனக்கு வால்போல் கட்சிதான். ஆடத்துக்கு அடக்கத் தெரியாமல் போன இடம் அது.

இவ்வளவுக்கும் பணம் எங்கிருந்து வந்தது?

வீட்டுக்கு வீடு வேறு. ஆஸ்டர்லி வங்கிக் குடும்பத்துடையது. நிலக்குத்தகை, நிலக்கரி, படைகளுக்குச் சரக்கு விநியோகம் என்று மற்றவர்களுக்கு. ஹேர்வுட்டின் பணம் கரீபியனிலிருந்து வந்தது. எட்வினின் தந்தை ஹென்றி லாசெல்ஸ் பார்படாஸில் சுங்க அதிகாரியாகவும் வணிகராகவும் சர்க்கரைத் தோட்ட முதலாளிகளுக்குக் கடன் கொடுப்பவராகவும் இருந்து சொத்துச் சேர்த்தவர். கடனைத் திருப்பாத தோட்டங்கள், அங்கு அடிமைகளாக உழைத்த மனிதர்களோடு சேர்த்து, பின்னர் குடும்பத்தின் கைக்கு வந்தன. 1833-இல் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் வந்தபோது அரசு இழப்பீடு கொடுத்தது. அடிமைகளுக்கு அல்ல, உடைமையாளர்களுக்கு. 1,277 பேருக்காக ஹேர்வுட் பிரபு வாங்கிய தொகை 26,000 பவுண்டுக்கு மேல். இன்றைய ஹேர்வுட் அறக்கட்டளை இதை மறைக்காமல் பேசுகிறது.

மரத்துக்கும் இதே கதை. மஹோகனி ஜமைக்காவிலிருந்தும், பிறகு கியூபா, ஹோண்டுராஸ் கரையிலிருந்தும் வந்தது. காட்டில் அதை வெட்டி இழுத்தவர்களில் பெரும்பாலோர் அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்கள். குடியேற்ற நாடுகளிலிருந்து வரும் மரத்துக்கு 1721-இல் பிரிட்டன் இறக்குமதித் தீர்வையை நீக்கியதால்தான் அது இங்கிலாந்துத் தச்சரின் அன்றாட மரமானது.

பட்டறைக்காரர்கள் நன்றாகச் சம்பாதித்தார்களா?

ரசீதில் பெரிய தொகை, கையில் சில்லறை. பிரபுக்கள் வருடக்கணக்கில் இழுத்தடிப்பார்கள். யார்க்‌ஷயரின் நாஸ்டெல் மாளிகைக்காரர் சர் ரோலண்ட் வின்னுக்கும் சிப்பெண்டேலுக்கும் நடந்த கடிதப் போக்குவரத்து மிஞ்சியிருக்கிறது. சாமான் ஏன் இன்னும் வரவில்லை என்று இவர் திட்ட, பணம் வந்தால்தானே என்று அவர் கெஞ்ச, படிக்கவே சங்கடமாக இருக்கும். அதே நாஸ்டெலுக்கு 1767-இல் நூலக மேசை ஒன்று 72 பவுண்டு 10 ஷில்லிங்குக்குப் போயிருக்கிறது. சமையலறைக்குக் கறி வெட்டும் எல்ம் மரக்கட்டையும் சிப்பெண்டேல் கடையிலிருந்துதான் போனது. வீட்டுக்கு என்ன வேண்டுமோ எல்லாம் கொடுக்கும் கடை அது: மெத்தை, சுவர்த்தாள், திரை, ஏன் இரவல் சாமான்கூட.

முழு உத்தமர் என்றும் சொல்ல முடியாது. 1769-இல் பிரான்சிலிருந்து முடிக்காத நாற்காலிச் சட்டங்களை மதிப்பைக் குறைத்துக் காட்டி இறக்குமதி செய்து சுங்கத்திடம் மாட்டிக்கொண்டார். 1779-இல் காசநோயால் இறந்தார். மகனும் அதே பெயர், அதே தொழில்.

பிரான்சில் இதே நேரத்தில் என்ன நடந்தது?

பிரான்ஸ் முந்திக்கொண்டது என்றே சொல்லலாம். லாலிவ் டி ஜூலி என்ற செல்வந்தருக்கு 1750-களின் நடுவில் லுவி ஜோசஃப் லெ லோரென் வடிவமைத்த கருங்காலி மேசை இப்போது ஷாண்டிலியில் இருக்கிறது. கனம், சதுரம், வெண்கலத் தோரணம் என்று கிட்டத்தட்டக் கட்டடம் மாதிரி இருக்கும். பதினாறாம் லூயி காலத்தில் ரீஸ்னர், ஜார்ஜ் ஜாகோப் போன்ற பட்டறைக்காரர்கள் அதை மென்மையாக்கினார்கள். ஆனால் அங்கே சிறந்த சாமான்கள் அரசவைக்கும் பாரிஸ் வீடுகளுக்கும் போயின. புரட்சிக்குப் பிறகு வெர்சாய் சாமான்களை ஏலம் போட்டுவிட்டார்கள். சாமான் அதே அறையில் அப்படியே தங்கியது இங்கிலாந்துக் கிராமப்புறத்தில்தான்.

ஹெப்பிள்வைட், ஷெரட்டன்?

மரச்சாமான் வடிவமைப்புப் புத்தகம் போட்ட அடுத்த தலைமுறையினர். ஹெப்பிள்வைட்டின் புத்தகத்தை அவர் இறந்தபின் 1788-இல் மனைவி வெளியிட்டார். கேடய வடிவ முதுகு நாற்காலி அதோடு சேர்த்துப் பேசப்படுவது. ஷெரட்டனின் புத்தகம் 1790-களின் முற்பகுதி, சதுர முதுகு. ஆடம் பிரபுக்களுக்குக் கொடுத்ததை நடுத்தரப் பணக்காரர் வீட்டளவுக்குச் சுருக்கிக் கொடுத்ததுதான் இவர்களின் பங்கு. ஹெப்பிள்வைட் பட்டறையில் செய்தது என்று உறுதியாகக் காட்ட ஒரு சாமானும் இல்லை.

நம் பக்கத்தோடு தொடர்பு ஏதும் உண்டா?

உண்டு, ஓரளவுக்கு. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வளரும் முதிரை மரம்தான் கிழக்கிந்திய சாட்டின்வுட். தொடக்கத்தில் இங்கிலாந்து பயன்படுத்தியது மேற்கிந்தியத் தீவுகளின் சாட்டின்வுட். நூற்றாண்டின் கடைசிப் பகுதியில்தான் நம் பக்கத்து மரமும் சேர்ந்தது. விசாகப்பட்டினத்துக் கைவினைஞர்கள் ஆங்கிலேய மாதிரிகளைப் பார்த்துத் தந்தம் பதித்த சாமான்களைச் செய்து கம்பெனி அதிகாரிகளுக்கு விற்றார்கள்.

கட்டடத்தில் தொடர்பு இன்னும் நேரடி. கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி 1799 முதல் 1803 வரை கல்கத்தாவில் கட்டிய ஆளுநர் மாளிகைக்குக் கெடில்ஸ்டன்தான் மாதிரி. நூறாண்டு கழித்து வைஸ்ராயாக அதில் குடியேறிய கர்சன் பிறந்தது அதே கெடில்ஸ்டனில்.

சாமானைத் தனியாக அருங்காட்சியகத்தில் பார்த்தால் போதாதா?

மரவேலையைப் படிக்கப் போதும். கிட்டவே போகலாம், வெளிச்சமும் நன்றாக இருக்கும். ஆனால் ஆடம் அறைக்காகச் செய்த மேசையைத் தனியே பார்ப்பது செட் நகையில் ஜிமிக்கியை மட்டும் பார்ப்பது போலத்தான். ஹேர்வுட் நூலக மேசை 1965-இல் 41,000 கினிக்கு (ஒரு கினி ஒரு பவுண்டைவிடச் சற்று அதிகம்) ஏலம் போனது. இப்போது சில மைல் தள்ளி டெம்பிள் நியூசம் மாளிகையில் இருக்கிறது. அற்புதமான மேசை, பத்திரமாகவும் இருக்கிறது. ஆனால் அது எந்த அலமாரிகளுக்கு நடுவே நிற்கச் செய்யப்பட்டதோ அவை அங்கே இல்லை.

ஸ்காட்லாந்தின் டம்ஃப்ரீஸ் மாளிகைக்கும் 2007-இல் இந்த நிலை வரவிருந்தது. அங்குள்ள சிப்பெண்டேல் சாமான்கள் 1759-ஐ ஒட்டியவை, ரொகோகோ. ஏலத்துக்காக லாரிகளில் ஏற்றி லண்டனுக்கு அனுப்பியும் ஆகிவிட்டது. அப்போதைய இளவரசர் சார்லஸ் முன்னின்று 45 மில்லியன் பவுண்டு திரட்டி வீட்டையும் சாமான்களையும் சேர்த்தே வாங்கியதால் லாரிகள் பாதி வழியில் திரும்பின.

ஒரே பயணத்தில் எவற்றைப் பார்க்கலாம்?

யார்க்‌ஷயரைத் தேர்ந்தெடுங்கள். ஹேர்வுட், நாஸ்டெல், நியூபி ஹால் மூன்றும் அங்கேதான். நியூபியின் சித்திரத்துணி அறையில் பாரிசின் கோப்லான் நெசவு சுவரிலும் இருக்கிறது, சிப்பெண்டேல் நாற்காலிகளின் மெத்தையிலும் இருக்கிறது. அவர் நாற்காலியில் முதலில் போட்ட உறை அப்படியே மிஞ்சியிருப்பது அங்கே மட்டும்தான். லண்டனை விட்டு நகர முடியாதவர்கள் ஆஸ்டர்லிக்கும் சையன் ஹவுஸுக்கும் போகலாம், இரண்டும் ஆடம் வேலை, ஒன்றுக்கொன்று பக்கம். பல மாளிகைகள் குளிர்காலத்தில் மூடியிருக்கும், போகும் முன் திறந்திருக்கும் நாட்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெயில் சாயத்தை மேலும் குடிக்காமல் இருக்க ஜன்னல்களில் திரை இழுத்திருப்பார்கள். உள்ளே நுழைந்ததும் ஒரு நிமிடம் நின்றால் கண் பழகிவிடும்.